கொதித்த கள்ளிப் பாத்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுத் தோட்டம் கொதித்தது.

அச்சுக்கோப்பவரைத் திட்டாதீர்கள். கொதித்தது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தோட்டம் பூக்கும், காய்க்கும், என் வீடாக இருந்தால் காய்ந்து போகும். ஆனால் உலை மாதிரி சத்தம் போட்டு, ஆவி விட்டு, என் மாமனாரை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்திய தோட்டத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? தூத்துக்குடியில் நான் பார்த்தேன். எங்கள் தெருவே பார்த்தது.

நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆபீசுக்குள் காலை வைக்கிறேன்... காஷியர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் எரிமலை என்று கேள்விப்பட்டேனே, எல்லோரும் சுகந்தானே என்று விசாரிக்கிறார். வதந்தி துறைமுகம் வரைக்கும் போய்விட்டது. இனி அது கொழும்புக்குக் கப்பல் ஏறுவதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் கோமதியைச் சொல்ல வேண்டும். என் மனைவி. ஸ்ரீவைகுண்டத்துப் பெண். தாமிரபரணிக் கரை. அங்கே வரப்பில் குடையை ஊன்றி வைத்துவிட்டு மறந்து வந்தால் மறுநாள் குடை துளிர் விட்டிருக்கும் என்பார் என் மாமனார். அவர் நெல் விளைவிக்கிறவர். ஆற்றைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கூட்டித்தான் பேசுவார். ஆனால் ரொம்பவும் கூட்டவில்லை என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டி எங்கே கொண்டு வந்தேன்? மண்ணை அள்ளினால் உப்பு. கிணற்றில் இறைத்தால் உப்பு. தலைக்குக் குளித்தால் சீயக்காய் போகாமல் முடியோடு ஒட்டிக்கொள்ளும். குழாய்த் தண்ணீர் உண்டு — எப்போது வரும் என்பது மட்டும் குழாய்க்கே தெரியாது. அது வரும்போது நடக்கிற குடச் சண்டையில் கோமதி கற்றுக்கொண்ட வார்த்தைகளை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

அவளுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. பச்சையாக எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மல்லிகை வைத்தாள், கருகியது. கனகாம்பரம் வைத்தாள், உதிர்ந்தது. முருங்கைக் கொம்பை நட்டாள். முருங்கை சாகிற இடம் உலகத்தில் உண்டா? உண்டு, எங்கள் பின்கட்டில். கடைசியில் துளசி.

துளசி பட்டுப்போனபோதுதான் விஷயம் முற்றியது. காலையில் துளசித் தொட்டியைச் சுற்ற வந்தவள், குச்சியாக நின்ற செடியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அழவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை. நானும் சாப்பிடாமல் ஆபீசுக்குப் போனேன்.

செய்தி எப்படியோ ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமனார் பஸ்ஸில் வந்து இறங்கினார். காப்பி வேண்டாம் என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"மாப்ள, ஒரு துளசி நிக்காத வீட்டுல எம்பொண்ணு எப்படி நிப்பா? திருநவேலிக்கு மாத்தல் வாங்குங்க. வாங்குத வரைக்கும் அவ அங்கன இருக்கட்டும்."

மாற்றல்! எங்களுடையது கப்பல் ஆபீஸ். திருநெல்வேலிக்கு என்றைக்குக் கப்பல் போகிறதோ அன்றைக்குத்தான் எனக்கு அங்கே மாற்றல். இதை அவரிடம் விளக்கினேன். அதற்கு நான் என்ன செய்ய என்கிற மாதிரி பார்த்தார்.

கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினேன். இன்னும் ஒரு தடவை தோட்டம் போடுவது. செடி நின்றால் கோமதி நிற்பாள். செடி போனால் கோமதி பெட்டியோடு பஸ் ஏறுவாள். கோமதி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயம். சண்டை போடுகிற மனைவியைச் சமாளித்துவிடலாம், வாயே திறக்காதவளை என்ன செய்வது? அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இங்கேதான் புத்தகம் வருகிறது. போன வருஷம் மூட்டை கட்டிச் சீமைக்குப் போன எங்கள் துரை, ஆபீஸ் அலமாரியில் ஒரு தோட்டப் புத்தகத்தை விட்டுப் போயிருந்தார். புரட்டினேன். அதில் ஒரு அத்தியாயம் — தண்ணீரே வேண்டாத செடிகள்! கள்ளி, கற்றாழை, இன்னும் உடம்புக்குள்ளேயே தண்ணீரைப் பதுக்கி வைத்துக்கொள்ளும் தடித்தடியான ஜாதிகள். ரேஷன் காலத்துக்கென்றே கடவுள் படைத்த செடிகள். உப்புக் காற்றா, சரி. மணலா, ரொம்பச் சரி. தண்ணீர் ஊற்றினால்தான் கோபித்துக்கொண்டு அழுகிப் போகுமாம். எனக்கு அலமாரியையே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போய்ச் சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கற்றாழை எல்லாம் பெயர்த்து வந்தேன். துரை பங்களாவின் காவற்காரர், இதெல்லாம் எனக்கு எதுக்கு என்று சொல்லி, சீமைக் கள்ளி சிலவற்றைத் தொட்டியோடு கொடுத்தார். அதில் ஒன்று உருண்டை. கருப்பட்டி வட்டு அளவு. மேலெல்லாம் முள், உச்சியில் கொஞ்சம் பஞ்சு. கோமதி அதற்குக் குண்டன் என்று பெயர் வைத்தாள்.

ஆனால் தெரு சும்மா இருக்குமா? கள்ளி என்றால் எங்கள் பக்கத்தில் வேலிக்கு வைப்பது. அதைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்குள் போனால்...? எதிர்வீட்டு ரோசம்மா அக்காள், உங்க அடுக்களைக்குள்ள ஆடு வருதா தம்பி என்று கேட்டாள். முள் வைத்த வீட்டில் சண்டை ஓயாது என்று இன்னொருவர் எச்சரித்தார். பெண்டாட்டி ஓடிப்போகாமல் இருக்க உள்ளே வேலி போடுகிறான் என்றும் ஒரு பேச்சு. அது கொஞ்சம் உண்மைதான்.

கோமதிக்கு முதலில் பிடிக்கவே இல்லை. இதெல்லாம் ஒரு செடியா, தலைவாரும் சீப்பா என்றாள். ஆனால் கள்ளிகள் சாகவில்லை. வாடவும் இல்லை. அவள் வைத்த எதுவும் அதற்கு முன்னால் அவ்வளவு நாள் நின்றதில்லை. ஒருநாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது அவள் குண்டன் முன்னால் உட்கார்ந்து, அன்றைய குழாயடிச் சண்டையை அவனுக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

அத்தியாயத்தின் கடைசியில் ஒரு பத்தி இருந்தது. கள்ளிப் பாத்தியின் மண்ணை அப்படியே திறந்து போடக் கூடாது. உள்ளூரில் கிடைக்கும் கல்லைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்து, செடியைச் சுற்றி மேலாகப் பரப்ப வேண்டும். செடியின் கழுத்து ஈரம் படாமல் இருக்கும், அழுகாது, களை வராது, பார்க்கவும் லட்சணம். பரப்பிய பிறகு கொஞ்ச நாள் தண்ணீரே காட்டாதே. வேர் போன செடிகூடக் காய்ந்த மண்ணில் சும்மா விட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் கோமதிக்கு வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அடுத்த ஞாயிறு மாமனார் பரீட்சை பார்க்க வருகிறார் என்பதால் லட்சணமும் அவசியம் என்று தீர்மானித்தேன்.

உள்ளூர்க் கல்! தூத்துக்குடியில் கல்லுக்கு எங்கே போவது? கருங்கல் வேண்டுமானால் வல்லநாட்டுப் பக்கம் போக வேண்டும். யோசித்துப் பார்த்து முதலில் சிப்பி ஓடுகளை வாங்கி வந்து உடைத்துப் பரப்பினேன். சிப்பி சுத்தமாகத்தான் இருப்பதாக விற்றவர் சொன்னார். தெருப் பூனைகள் அவர் சொன்னதை ஏற்கவில்லை. ஒரே நாளில் அத்தனை பூனைகளும் எங்கள் பின்கட்டில் மாநாடு கூடின. பூனைகளை விரட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரர், எதற்கும் பார்ப்போமே என்று குனிந்து முத்துத் தேட ஆரம்பித்தார். அவரை விரட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. சிப்பியை அள்ளி வெளியே கொட்டினேன்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. நம் ஊர்க் கல் என்றால் முருகைக் கல் அல்லவா? தீவுகளை ஒட்டிக் கடலுக்குள் விளைகிற வெள்ளைக் கல். வள்ளத்தில் ஏற்றி வருவார்கள். இந்த ஊரில் பாதி வீட்டுச் சுவர் அதுதான். மீதி சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போகும்.

நான் நேராகக் காளவாசலுக்குப் போனேன். அதை நடத்தும் தங்கராசு அண்ணாச்சி எனக்குத் தெரிந்தவர், என் எழுத்தை விடாமல் படிக்கிறவர். வெள்ளைக் கல் வேண்டும், பொடியாக உடைத்தது, நல்ல சுத்தமாக, ஒரு வண்டி என்றேன். உங்களுக்கு இல்லாததா, தரமான கல்லாகப் பார்த்து அனுப்புகிறேன் என்றார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காளவாசலுக்கு வந்து ஒருவர் கல் கேட்டால் எதற்கு என்று ஒரு கேள்வி வேண்டுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. கல்லின் மேல் பனையோலைப் பாய் போட்டுக் கட்டியிருந்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எதற்குப் பாய் என்று வண்டிக்காரரைக் கேட்டேன். நனைஞ்சிரக் கூடாதுல்லா என்றார். கல் நனைந்தால் என்ன? அண்ணாச்சியின் மரியாதை என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

கல் எடையே இல்லை. பால் வெள்ளை. பாத்தி முழுக்கப் பரப்பி, நடுவில் பச்சைப் பச்சையாகக் கள்ளிகள், எல்லாவற்றுக்கும் நடுவில் குண்டன்... அடடா! துரையின் புத்தகத்தில் வர்ணப் படம் போட்டிருந்தார்களே, அது தோற்றது. தெரு முழுவதும் வந்து பார்த்தது. வந்த ஒவ்வொருவரும் கேட்ட முதல் கேள்வி, உப்பா? எங்கள் ஊரில் வெள்ளையாக எது குவிந்து கிடந்தாலும் உப்புதான், மற்றதெல்லாம் பிற்பாடு. இல்லை, கல் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

மறுநாள் பார்த்தால் கல்லின் மேல் லேசாக மாவு பூத்திருந்தது. அதுவும் ஒரு அழகு என்று கோமதியிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். புத்தகம் சொன்னபடி ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

ஞாயிறு காலை மாமனார் வந்தார். இந்த ரேஷன் காலத்தில் மகளுக்கு ஊர் அரிசி ஒரு மரக்கால் கொண்டுவர முடியுமா? வழியிலேயே பிடித்துக்கொள்வார்கள். அதனால் தண்ணீர் கொண்டுவந்தார். பெரிய பித்தளைக் குடம் நிறையத் தாமிரபரணித் தண்ணீர்! வாயை வாழையிலை வைத்துக் கட்டி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து, சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். எம்பொண்ணு ஒரு வாய் நல்ல தண்ணி குடிக்கட்டும் என்றார். கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

குடத்தைத் தோளிலிருந்து இறக்காமலே, எங்கே தோட்டம் என்று கேட்டார். பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். பார்த்தார். பாத்தியைப் பார்த்தார், கள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அவர் குறை சொல்வார் என்று எதிர்பார்த்து நான் பதில்களோடு தயாராக இருந்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. பரிதாபம்! ஆற்றங்கரைக்காரர் அல்லவா? காய்ந்த இடத்தில் ஒரு செடி நிற்பதை அவர் வாழ்க்கையில் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வேப்பங்கன்றுக்கும் தன் கூஜாத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் ஏறுவார். இலையை அவிழ்த்தார்.

நான் பதறிப்போய்க் குறுக்கே பாய்ந்தேன். இதற்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது மாமா என்றேன்.

"செடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு எந்த மடையன் சொன்னான்?"

புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று நான் ஆரம்பிப்பதற்குள் ஒரு குடம் தாமிரபரணி பாத்திக்குள் போய்விட்டது.

முதலில் ஒன்றுமில்லை. மாமனார் திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பாம்போ என்று இருவரும் ஓரடி பின்னால் வந்தோம். ஒரு கல் பிளந்தது. அடுத்தது பிளந்தது. பாத்தி உப்பியது. பிறகு தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததே பார்க்க வேண்டும்! ஆவி ஆளுயரம் எழும்பியது. வெள்ளைக் குழம்பு குமிழி விட்டது. சதுரக்கள்ளி ஒன்று மெல்லச் சாய்ந்து உள்ளே போனது.

மாமனார் காலிக் குடத்தோடு, பின்கட்டில் கிடந்த நாற்காலி மேல் ஏறிவிட்டார். கள்ளபிரானே, கள்ளபிரானே என்று தம் ஊர்ப் பெருமாளைக் கூப்பிட்டார். ஆவியைச் சுவருக்கு மேலே பார்த்துவிட்டு யாரோ தீ என்று கத்தினார்கள். அவ்வளவுதான். எந்தத் தெருவில் ஒரு சொம்புத் தண்ணீருக்குக் குடுமிப்பிடிச் சண்டை நடக்குமோ, அந்தத் தெரு முழுவதும் குடமும் வாளியுமாக எங்கள் வீட்டுக்குள் புகுந்தது. கோமதியோடு வருஷக்கணக்காகப் பேசாத பெண்கள் எல்லாம் தங்கள் தண்ணீரைக் கொண்டுவந்து எங்கள் பாத்தியில் கொட்டினார்கள். கொட்டக் கொட்டக் கொதித்தது. கொதிக்கக் கொதிக்கக் கொட்டினார்கள். ஊற்றாதீர்கள், ஊற்றாதீர்கள் என்று நான் போட்ட கூப்பாட்டை, இன்னும் ஊற்றுங்கள் என்று சொல்வதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வெள்ளையடிக்கிற வீட்டில் வருமே, அதேதான். கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் மூக்கை உறிஞ்சியது. நானும் உறிஞ்சினேன். எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு எப்போதோ புரிந்திருக்கும். அண்ணாச்சி அனுப்பியது சுட்ட கல். தண்ணீர் பட்டால் கொதிக்கிற நீற்றாத சுண்ணாம்பு!

பிறகு ரோசம்மா அக்காள் தன் காலி வாளியைப் பாத்திக்குள் விட்டு ஒரு வாளி சுண்ணாம்பை மொண்டாள். எப்படியும் வெள்ளையடிக்கணும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அதன் பிறகு தண்ணீர் கொண்டுவந்த அத்தனை பேரும் சுண்ணாம்போடு திரும்பினார்கள். இந்த வாரம் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும் நீங்கள். பண்டிகை எதுவும் இல்லை, கல்யாணம் எதுவும் இல்லை... வீட்டுக்கு வீடு சுவர் பளிச்சென்று இருக்கிறது.

இந்தக் களேபரத்தில் கோமதி என்ன செய்தாள்? அதுதான் முக்கியம். கூட்டத்துக்கு நடுவே அடுக்களை இடுக்கியோடு ஓடி வந்தாள். ஆவிக்குள் கையை நீட்டி, குண்டனை மட்டும் பிடித்துத் தூக்கினாள். முழங்கை வரை வெள்ளை. அங்கங்கே கொப்புளம். வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் குண்டன் மேலிருந்த சுண்ணாம்பை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். பழைய துளசித் தொட்டியில் மணலை நிரப்பி அவனை வைத்தாள்.

தங்கராசு அண்ணாச்சியிடம் போய்ச் சண்டை போடலாம் என்று போனேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சுடாத கல்லை எங்கிட்ட வந்து யாரு கேப்பா தம்பி? நீங்களாச்சேன்னு நல்லா வெந்த கல்லாப் பொறுக்கி அனுப்புனேன்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மாமனார் நாற்காலியை விட்டு இறங்கியதும் பெட்டியைக் கட்டச் சொன்னார். சுண்ணாம்பு கொதிக்கும் என்பது எனக்கும் தெரியும், அதைச் செடிக்குப் போடுகிற ஆளைத்தான் இந்த ஊருக்கு வந்து பார்த்தேன் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கோமதி இந்த விஷயத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"குண்டன் இன்னும் நிக்கான்லாப்பா. பேச்சுன்னா பேச்சு."

மாமனார் வாக்குத் தவறாதவர். தொட்டி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். சரி, ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன், செத்துப்போனால் கூட்டிப்போகிறேன் என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார்! ஒரு கள்ளி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நெல்லாக இருந்தால் அவர் வரப்பில் நின்றே சொல்லிவிடுவார். வாழையாக இருந்தால் குருத்தைப் பார்த்துச் சொல்வார். குண்டன் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தானோ திங்கட்கிழமையும் அப்படியே இருந்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. மாமனார் நாற்காலியைத் தொட்டி பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலால் அழுத்திப் பார்த்து முள் ஏற்றிக்கொண்டார். மூக்கை வைத்து முகர்ந்தார், அங்கேயும் ஏற்றிக்கொண்டார். காதை வைத்துக்கூடக் கேட்டார் என்று ரோசம்மா அக்காள் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை. தண்ணீர் ஊற்ற அவர் கை துறுதுறுக்கிறது. கோமதி கூஜாவை ஒளித்து வைத்திருக்கிறாள்.

பொழுது போக வேண்டுமே... புதன்கிழமை முதல் குழாயடிக்கு அவரே குடத்தோடு போக ஆரம்பித்துவிட்டார். அங்கே அவருக்கு நல்ல பெயர். வாயாடுவதில் மகளை மிஞ்சிவிட்டாராம்.

நேற்றுக் காலை அவர் குழாயடிக்குப் போயிருந்தார். நான் பல் விளக்கப் பின்கட்டுக்கு வந்தேன். கோமதி தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் இடுக்கி. இடுக்கியில் குண்டன். அடியில் வேர் இல்லை. ஒன்றுகூட இல்லை. வெந்து, கருகி, மொட்டையாக இருந்தது.

முடிந்தது, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. குண்டனைத் திரும்ப மணலில் உட்காரவைத்தாள். நிற்காமல் சாய்ந்தான். எழுந்து போய், எங்கள் காம்பவுண்டுச் சுவர் உடைந்து கிடந்த மூலையிலிருந்து முருகைக் கல் ஒன்றை எடுத்து வந்தாள். சுடாத, பச்சைக் கல்! ஒரு வண்டி கல்லுக்குக் காளவாசல் வரை போனேனே, அது என் வீட்டுச் சுவரிலேயே உதிர்ந்து கிடந்திருக்கிறது. அம்மிக் குழவியால் அதைத் துண்டு துண்டாக உடைத்து, குண்டனின் கழுத்தைச் சுற்றி நெருக்கமாகப் பரப்பினாள். துரையின் புத்தகத்தில் சொன்னபடியே. குண்டன் நிமிர்ந்து நின்றான்.

வேர் என்று ஆரம்பித்தேன்.

"அப்பாட்ட மூச்சு விடாதீங்க. வேரு இல்லாட்டாலும், காஞ்ச மண்ணுல சும்மா விட்டா திரும்பப் பிடிச்சிக்கிடுமாம். நீங்கதான வாசிச்சுச் சொன்னீய?" கையிலிருந்த கல்தூளைத் தட்டினாள். என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: "நான் பிடிச்சிக்கிடலியா?"

வாயில் பல்பொடியோடு நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அழுதேன்.

வாசலில் குடம் இறக்கும் சத்தம் கேட்டது. மாமனார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எப்படி இருக்கான் என்று மகளைக் கேட்டார். நல்லா இருக்கான்பா என்றாள் கோமதி. மாமனார் குனிந்து பார்த்து, கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருக்கான் என்றார்.

அவருக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் கிடையாது. எனவே ஸ்ரீவைகுண்டத்து வாசகர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் — அவரைக் கண்டால் வாயைத் திறக்காதீர்கள், கேட்டால் குண்டன் நலம் என்று மட்டும் சொல்லுங்கள்.